கிளினிக் கொப்பியில் இருப்பது அடுத்த வைத்தியசாலைக்குப் போவது எப்படி? சுகாதாரத் தரவும் திறந்த நியமங்களும்

வைத்தியசாலைகள் கணினிமயமாகின்றன, நோயாளியின் விவரம் இனி ‘திறந்த நியமங்கள்’ வழியே ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் போகும் என்ற பேச்சு வந்தால் வன்னியில் முதலில் எழும் கேள்வி இதுதான்: “திறந்தது எண்டால், எங்கட வருத்தத்தை ஆர் வேணுமெண்டாலும் பாக்கலாமோ?” கேள்வியில் நியாயம் இருக்கிறது. முகாம், மீள்குடியேற்றம், வீட்டுத்திட்டம் என்று எத்தனையோ தடவை பதியப்பட்ட மக்கள் இவர்கள். இன்னொரு பதிவு என்றால் அது யார் கைக்குப் போகும் என்று கேட்கத்தான் செய்வார்கள்.

சுருக்கமான பதில்: பார்க்க முடியாது, பார்க்க விடவும் கூடாது. திறந்திருப்பது விவரத்தை எழுதும் முறை. எழுதப்பட்ட விவரம் பூட்டியே இருக்க வேண்டும். இவை இரண்டும் ஏன் குழம்புகின்றன, அந்த எழுதும் முறை எப்படி வேலை செய்கிறது, அது இல்லாததால் இங்கே யாருக்கு என்ன நட்டம் என்பதை அடியிலிருந்து பார்ப்போம்.

இப்போது தகவலைச் சுமப்பது யார்?

நோயாளிதான். ஒட்டுசுட்டான் பக்கத்து விவசாயி ஒருவரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். அறுபது வயது, சலரோகம், பிரஷர். கிளினிக் நாளில் அவர் கையில் ஒரு ஷொப்பிங் பை இருக்கும். உள்ளே கிளினிக் கொப்பி. அதன் மட்டையில், பெனிசிலின் ஒத்துக்கொள்ளாது என்று சிவப்புப் பேனையால் எழுதிய குறிப்பு. நடுவே மடித்துச் செருகிய இரத்தப் பரிசோதனைத் துண்டுகள், எப்போதோ வார்ட்டில் இருந்து வரும்போது கொடுத்த டயக்னோசிஸ் கார்ட், எழுத்து மங்கிப்போன ஈசிஜி தாள். அவருடைய பத்து வருட மருத்துவ வரலாறு அந்தப் பைக்குள் மட்டும்தான் இருக்கிறது. மாரி மழையில் பை நனைந்தால் வரலாறும் நனையும்.

சிறுநீரகத்தில் சந்தேகம் வந்தால் அவர் மாஞ்சோலையிலுள்ள முல்லைத்தீவு மாவட்டப் பொது வைத்தியசாலைக்குப் போவார். அங்கிருந்து யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ வவுனியாவுக்கோ அனுப்பப்படலாம். வவுனியாவிலிருந்து சிலர் அநுராதபுரத்துக்கும் போகிறார்கள். இடையில் ஒரு தனியார் ஆய்வுகூடம், ஒரு தனியார் மருத்துவரின் கிளினிக். இவை எல்லாம் ஒரே நிர்வாகத்தின் கீழ் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். யாழ்ப்பாணம், அநுராதபுரம் போதனா வைத்தியசாலைகள் கொழும்பிலுள்ள மத்திய சுகாதார அமைச்சின் கீழ் வருகின்றன. வன்னியின் வைத்தியசாலைகள் பெரும்பாலும் மாகாண சுகாதாரத் திணைக்களத்தின் கீழ் வருகின்றன. ஒவ்வொன்றும் வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு நிதியில், வெவ்வேறு மென்பொருளை வாங்கவோ எழுதுவிக்கவோ கூடும். ஒரே மென்பொருளை எல்லோருக்கும் போட்டுவிடலாம் என்பது காதுக்கு இனிமையான யோசனை. நடைமுறையில் பெரிய நாடுகளாலும் அது முடியவில்லை.

காகிதத்தை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்று வன்னிக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. 2009இல் இடம்பெயர்ந்து செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களுக்கு வந்த பலரிடம் கொப்பியும் இல்லை, அட்டையும் இல்லை, பிள்ளைக்கு எந்தத் தடுப்பூசி போட்டது என்ற பதிவும் இல்லை. தாய்மாரின் ஞாபகமே பதிவேடாக இருந்தது.

மூன்று ‘திறந்த’கள்

ஒரே சொல் மூன்று வேறு விடயங்களுக்குப் பயன்படுவதால்தான் குழப்பம்.

1. திறந்த நியமம். இரண்டு கணினிகள் ஒரு விடயத்தை ஒரே விதமாக எழுதிப் படிப்பதற்கான பொது ஒப்பந்தம். யாரும் இலவசமாக வாசிக்கலாம், அதன்படி மென்பொருள் எழுதலாம், அனுமதிக் கட்டணம் இல்லை. காசோலையை நினைத்துப் பாருங்கள். தேதி எங்கே, தொகை எங்கே, கையொப்பம் எங்கே என்பது எல்லோருக்கும் தெரியும். அதனால் உங்கள் கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது யாருக்கும் தெரிந்துவிடுவதில்லை.

2. திறந்த மூல மென்பொருள். நிரலை யாரும் பார்க்கவும் மாற்றவும் முடிந்த மென்பொருள். இலங்கையில் பல அரச வைத்தியசாலைகளில் நோயாளர் பதிவுக்குப் பயன்பட்ட எச்.எச்.ஐ.எம்.எஸ். இவ்வகை. நோர்வேயின் ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்ந்த, சுகாதாரத் தரவு சேர்க்கும் டி.எச்.ஐ.எஸ்.2 இன்னொன்று. 2020 ஜனவரியில், கொவிட் உலகத்துக்குப் புதிதாக இருந்தபோதே, விமான நிலையத்தால் வருபவர்களைக் கண்காணிக்க இலங்கையர்கள் அதில் ஒரு பகுதியை எழுதினார்கள். அது பிறகு வேறு நாடுகளுக்கும் போனது. ஒரு மென்பொருள் திறந்த மூலமாக இருந்தும் திறந்த நியமத்தைப் பேசாமல் இருக்கலாம். மூடிய மென்பொருள் ஒன்று திறந்த நியமத்தைப் பேசவும் செய்யலாம்.

3. திறந்த தரவு. தரவையே பொதுவில் வைப்பது. ஒரு மாவட்டத்தில் இந்த வாரம் எத்தனை டெங்கு நோயாளர் என்ற எண்ணிக்கை இப்படி வெளிவரலாம், வரவும் வேண்டும். தனியாளின் நோய் விவரம் ஒருபோதும் இதற்குள் வராது.

இந்தக் கட்டுரை முதலாவதைப் பற்றியது.

ஒரு இரத்தப் பரிசோதனையை உடைத்துப் பார்ப்போம்

சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் காட்டும் கிரியேட்டினின் அளவு, நம் விவசாயியின் ஒரு துண்டில் 1.8 என்று இருக்கிறது. இன்னோர் ஆய்வுகூடத்தின் துண்டில் 159. முதலாவது ஒரு டெசிலீற்றருக்கு மில்லிகிராம். இரண்டாவது ஒரு லீற்றருக்கு மைக்ரோமோல். ஒன்றை 88.4ஆல் பெருக்கினால் மற்றது வரும். ஆக, இரண்டும் ஒரே அளவுதான். அனுபவமுள்ள மருத்துவர் பார்த்தவுடன் சொல்லிவிடுவார். கணினி சொல்லாது. அதற்கு 1.8, 159 இரண்டும் வெறும் எண்கள்.

சிறுநீரக நோயில் ஒரு தனி எண்ணைவிட எண்கள் போகும் திசைதான் முக்கியம். போன வருடம் 1.2, ஆறு மாதத்துக்கு முன் 133, இன்று 1.8 என்றிருந்தால் உண்மையில் நடந்திருப்பது 1.2, 1.5, 1.8 என்ற ஏற்றம். ஒரே அலகில் ஒரே கோட்டில் வைத்தால் பயிற்சி மருத்துவருக்கும் கண்ணில் படும். மூன்று தாள்களில், இரண்டு அலகுகளில் கிடந்தால் நெரிசலான கிளினிக்கில் தவறிப்போகும். காரணம் இன்னும் முழுதாக விளங்காத சிறுநீரக நோய் வடமத்திய மாகாணத்தோடு நிற்காமல் வவுனியா, முல்லைத்தீவுப் பக்கங்களிலும் காணப்படுகிறது. அதனால் இது கணக்குப் புதிர் மாத்திரமல்ல.

இதற்குத்தான் எழுதும் முறை வேண்டும். இன்று உலகம் பெரும்பாலும் நோக்கிப் போகும் முறையின் பெயர் எஃப்.எச்.ஐ.ஆர். ‘ஃபயர்’ என்று உச்சரிப்பார்கள். 1987இல் தொடங்கிய எச்.எல்.7 என்ற நியம அமைப்பு இதை வெளியிடுகிறது. 2011இல் அவுஸ்திரேலியரான கிரஹாம் கிரீவ் இதற்கு அடி போட்டார். எச்.எல்.7இன் பழைய இரண்டாம் பதிப்புச் செய்திகள் இன்னும் உலகெங்கும் ஆய்வுகூட இயந்திரங்களில் ஓடுகின்றன. குத்துக்கோடுகளால் பிரித்த வரிகள் அவை. ஒவ்வோர் இடமும் தன் வசதிக்கு வளைத்துக்கொண்டதால் ஒன்றின் வரியை மற்றது படிக்கத் தனி ஏற்பாடு தேவைப்படும். ஃபயர் இணையம் வேலை செய்யும் அதே வழியில் வேலை செய்வதால் சாதாரண இணைய நிரலாளரும் கற்றுக்கொள்ளலாம்.

ஃபயரில் மேலே சொன்ன முடிவு ‘அவதானம்’ என்ற வகைத் துண்டாக எழுதப்படும். தமிழில் சொன்னால் இப்படி:

1. எது? — லோயின்க் என்ற பரிசோதனைப் பட்டியலில் 2160-0, அதாவது இரத்த சீரத்தில் அல்லது பிளாஸ்மாவில் கிரியேட்டினின், எடை அளவில்.
2. யாருடையது? — இந்த நோயாளியின் பதிவைச் சுட்டும் இணைப்பு.
3. எவ்வளவு? — 1.8.
4. என்ன அலகு? — டெசிலீற்றருக்கு மில்லிகிராம்.
5. எப்போது? — 2024-04-03. வருடம், மாதம், நாள் என்ற ஒரே ஒழுங்கு. 03/04 என்பது ஏப்ரல் மூன்றா மார்ச் நாலா என்ற சந்தேகத்துக்கு இடமில்லை.
6. நிலை? — இறுதி முடிவா, தற்காலிகமா, பிறகு திருத்தப்பட்டதா.

இங்கே இரண்டு நியமங்கள் கைகோக்கின்றன. பெட்டியின் வடிவத்தைத் தருவது ஃபயர். பெட்டிக்குள் இருப்பதன் பெயரைத் தருவது லோயின்க். அமெரிக்காவின் ரீகன்ஸ்ட்ரீஃப் நிறுவனம் 1994இல் தொடங்கி இன்றும் இலவசமாகத் தரும் பரிசோதனைப் பட்டியல் அது. மைக்ரோமோலில் அளந்த கிரியேட்டினினுக்கு அதிலேயே வேறு எண், 14682-9. அந்த எண்ணைப் பார்த்ததும், இந்த 159ஐ 88.4ஆல் வகுத்த பிறகே 1.8க்குப் பக்கத்தில் வைக்க வேண்டும் என்பது கணினிக்குத் தெரிந்துவிடும். நோய்ப் பெயர்களுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி., எக்ஸ்ரே, ஸ்கான் படங்களுக்கு டைகொம் என்று மற்றவையும் உண்டு.

தாளை ஸ்கான் செய்து கணினியில் ஏற்றினால் போதாதா என்று கேட்கலாம். மனிதர் வாசிப்பதற்குப் போதும். தாள் தொலையாது, அதுவும் ஒரு முன்னேற்றம்தான். ஆனால் ஏற்றம் இறக்கம் பார்க்கவும், பெனிசிலின் எழுதும்போது எச்சரிக்கவும் படத்தால் முடியாது.

பெயரில் தொடங்கும் சிக்கல்

வெளியிலிருந்து வரும் மென்பொருள்கள் அதிகம் தடுக்கி விழும் இடம் இது. நமக்குக் குடும்பப்பெயர் இல்லை. தகப்பன் பெயரின் முதலெழுத்தும் சொந்தப் பெயரும்தான். சிவகுமாரை ஆங்கிலத்தில் எழுதும்போது ஓரிடத்தில் ‘எஸ்’ஸில் தொடங்கும், இன்னோரிடத்தில் ‘எஸ்எச்’ வரும், சிங்களத்திலிருந்து திரும்ப ஆங்கிலத்துக்குப் போகும்போது மூன்றாவது வடிவம் பிறக்கும். கல்யாணத்துக்குப் பிறகு பெண்ணின் பெயருக்குப் பின்னால் கணவன் பெயர் வரும், சில இடங்களில் முன்னால் வரும். பிறந்த தேதி தெரியாத முதியவருக்கு எழுதுநர் ஜனவரி ஒன்று போட்டுவிடுவார். அடையாள அட்டையோ போரில் தொலைந்து மறுபடி எடுத்தது. பழையது ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், 2016இலிருந்து வருவது 12 இலக்கம்.

ஃபயர் இதற்கு இடம் வைத்திருக்கிறது என்பதை நம் நிரலாளர்களும் கொள்வனவு செய்பவர்களும் தெரிந்திருக்க வேண்டும். அதில் குடும்பப்பெயர் கட்டாயமில்லை. ஒருவருக்கு எத்தனை பெயர் வடிவங்களும் இருக்கலாம், தமிழ் எழுத்தில் ஒன்று, ஆங்கில எழுத்தில் இரண்டு என்று. பிறந்த தேதியில் வருடம் மட்டும் தெரிந்தால் வருடத்தோடு நிறுத்தலாம். இல்லாத ஜனவரி ஒன்றை உண்டாக்க வேண்டியதில்லை. அடையாள எண்களும் எத்தனையும் இருக்கலாம், ஒவ்வொன்றும் யார் கொடுத்த எண் என்ற குறிப்போடு. ‘குடும்பப்பெயரை நிரப்பாமல் மேலே போக முடியாது’ என்று ஒரு திரை சொன்னால் அது அந்த மென்பொருளை எழுதியவரின் பிழை. நியமத்தின் மேல் பழியைப் போடக் கூடாது.

இதற்கு மேல் ஒரு பொது எண் வேண்டும். சுகாதார அமைச்சு அறிமுகப்படுத்தியிருக்கும் தனிநபர் சுகாதார எண் 11 இலக்கம் கொண்டது. கடைசி இலக்கம் சரிபார்ப்புக்கானது. அவசரத்தில் ஓர் இலக்கம் பிழைத்தால் அங்கேயே பிடிபடும். அது இல்லாமல் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் ஒருவரின் அறிக்கை அதே பெயருள்ள இன்னொருவரின் கோப்பில் ஏறிவிடும். தகவல் வராமல் போவதைவிட ஆபத்தானது அதுதான்.

செல் துண்டும் ஓர் எண்ணும்

வன்னியில் உடம்புக்குள் செல் துண்டோடு, அதாவது போரில் வெடித்த எறிகணையின் சிதறலோடு, வாழ்பவர்கள் நிறைய. ‘பீஸ் இருக்கு’ என்பார்கள். 2009இல் பள்ளிக்கூடப் பிள்ளையாக இருந்து காயப்பட்டவருக்கு இன்று இருபது வயது தாண்டியிருக்கும். எம்ஆர்ஐ ஸ்கான் இயந்திரம் ஒரு பலத்த காந்தம். உள்ளே இரும்புத் துண்டு இருந்தால் அது அசையலாம், சூடாகலாம். கண்ணுக்கோ முள்ளந்தண்டுக்கோ அருகில் என்றால் விளைவு பாரதூரமாக இருக்கும். அதனால் ஸ்கானுக்கு முன் கட்டாயம் கேட்பார்கள். ஆனால் கேட்பவர் சிங்களத்தில் கேட்டு, நோயாளிக்குத் தமிழ் மட்டும் தெரிந்திருந்தால்? விபத்தில் நினைவு தப்பி வந்திருந்தால்? ‘எப்படிக் காயம்’ என்ற அடுத்த கேள்விக்குப் பயந்து ஒருவர் இல்லையென்று தலையாட்டினால்?

ஐ.சி.டி. பத்தாம் பதிப்பில் எம்79.5 என்று ஒரு குறியீடு உண்டு. தசை போன்ற மென் இழையத்தில் எஞ்சியிருக்கும் வெளிப்பொருள் என்பது அதன் பொருள். மாஞ்சோலையில் தமிழ் மருத்துவர் அதைப் பதிந்தால் அநுராதபுரத்தில் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ திரையில் தெரியும். மொழிபெயர்ப்பாளர் தேவையில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தக் குறியீடு துண்டு உள்ளே இருக்கிறது என்று மட்டும் சொல்கிறது. அது எப்போது, எந்த இடத்தில், எப்படி வந்தது என்று சொல்வதில்லை. ஸ்கான் எடுப்பவருக்குத் தேவையானதும் அவ்வளவுதான்.

பூட்டு எங்கே?

பகிர்வு என்றால் எல்லாவற்றையும் எல்லோருக்கும் கொட்டுவதாக இருக்கக் கூடாது. தொழில்நுட்பத்தில் இதற்கான கருவிகள் உண்டு. ஃபயரில் ஒரு பதிவுக்கு ‘கட்டுப்படுத்தப்பட்டது’, ‘மிகவும் கட்டுப்படுத்தப்பட்டது’ என்ற முத்திரைகளை இடலாம். மனநலக் கிளினிக் குறிப்பு, எச்ஐவி பரிசோதனை, தற்கொலை முயற்சி போன்றவை இப்படிப் போகும். நோயாளியின் சம்மதத்துக்குத் தனிப் பதிவு உண்டு. யார், எப்போது, எதைத் திறந்தார் என்பதற்கும் தனிப் பதிவு உண்டு. கிளினிக் கொப்பியை யார் புரட்டினார் என்று கொப்பி சொல்லாது. ஒழுங்காக அமைத்த கணினி சொல்லும்.

சட்டத்திலும் அடித்தளம் இருக்கிறது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் சுகாதாரத் தரவை விசேட வகைத் தரவாகக் கருதுகிறது. சாதாரண விவரத்தைவிட அதற்குக் கூடுதல் காவல் வேண்டும் என்பது இதன் பொருள்.

ஆனால் முத்திரையை நியமம் தரும். அதை மதிக்கும் மனிதர்களை அது தராது. சிகிச்சைக்கு வெளியே எந்த அதிகாரிக்கும், சீருடை அணிந்தவருக்கும் அணியாதவருக்கும், தனியாளின் கோப்பு நீதிமன்றக் கட்டளையின்றித் திறக்கக் கூடாது என்பது வைத்தியசாலையின் எழுத்து மூல விதியாக இருந்து, திறந்தவர் பட்டியலை நோயாளி கேட்டுப் பெறவும் முடிந்தால்தான் வன்னியில் மக்கள் இதை நம்புவார்கள். நம்பாவிட்டால் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். பிறகு எவ்வளவு நல்ல நியமமும் பொய்யான தரவைத்தான் சுமக்கும்.

நியமம் இல்லாவிட்டால் செலவு எங்கே ஏறுகிறது?

எட்டு அமைப்புகள் இருக்கின்றன என்று வையுங்கள்: சில வைத்தியசாலைகள், ஆய்வுகூடங்கள், சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை. ஒவ்வொன்றும் மற்றதோடு நேரடியாகப் பேச ஏற்பாடு செய்தால் 28 இணைப்புகள் வேண்டும். எல்லாம் ஒரே நியமத்தைப் பேசினால் ஆளுக்கொன்று, மொத்தம் எட்டு. ஒன்பதாவது வந்தால் முதல் முறையில் இன்னும் எட்டு இணைப்பு, இரண்டாவதில் ஒன்று.

இன்னொரு செலவு கண்ணுக்குத் தெரியாதது. தனக்கு மட்டும் விளங்கும் வடிவில் தரவைச் சேமிக்கும் மென்பொருளை வாங்கினால், ஒப்பந்தம் முடியும் நாளில் பத்து வருடத் தரவும் அதற்குள் சிக்கிவிடும். வெளியே எடுக்க அந்த நிறுவனமே விலை சொல்லும். நன்கொடைத் திட்டங்களோடு வரும் மென்பொருளில் இது அதிகம். திட்டம் முடிந்ததும் ஆதரவும் முடிந்துவிடும். மென்பொருள் வாங்கும் கேள்விப்பத்திரத்தில் (டெண்டரில்) ஒரு வரி சேர்த்தால் போதும்: எல்லாத் தரவையும் எந்த நேரமும் மேலதிகக் கட்டணமின்றித் திறந்த நியம வடிவில் வெளியே எடுக்க முடிய வேண்டும், அதை ஒப்படைக்கும் நாளில் செய்து காட்ட வேண்டும்.

வன்னியில் எங்கே தொடங்கலாம்?

எல்லாவற்றையும் ஒரேயடியாக இணைக்கப் போனால் எதுவும் நடக்காது.

1. ஒரு சுருக்கப் பதிவு. சர்வதேச நோயாளி சுருக்கம் என்று ஒரு நியமம் இருக்கிறது, 2021இல் ஐ.எஸ்.ஓ. 27269 ஆக வெளியானது. அதில் கட்டாயம் இருக்க வேண்டியவை மூன்று: என்ன நோய்கள், என்ன மருந்துகள், எதற்கு ஒவ்வாமை. கொப்பி மட்டையின் சிவப்பு எழுத்தும் அதில் வந்துவிடும், எம்79.5உம் வந்துவிடும்.

2. ஆய்வுகூட முடிவுகள். எண்களாக இருப்பதால் நியமத்துக்குள் கொண்டுவருவது இலகு, பலனும் உடனே தெரியும். அடிக்கடி செய்யும் ஐம்பது பரிசோதனைகளுக்கு லோயின்க் எண் பொருத்தினாலே பெரும்பகுதி முடிந்தது.

3. இணைப்பு இல்லாத நேரத்துக்கு ஏற்பாடு. கரண்ட் போகும், சிக்னல் போகும். ஃபயர் பதிவுகளைக் கட்டாகச் சேர்த்து வைத்து இணைப்பு வந்ததும் அனுப்பலாம். அதுவரை நோயாளியின் கையில் அச்சிட்ட சுருக்கம் இருக்க வேண்டும்.

அந்த அச்சிட்ட தாள் தமிழில் இருக்க வேண்டும் என்பதில் விட்டுக்கொடுக்கக் கூடாது. தரவு குறியீடாகச் சேமிக்கப்படுவதால் மருத்துவருக்கு ஆங்கிலத்திலும் நோயாளிக்குத் தமிழிலும் ஒரே பதிவிலிருந்து அச்சிடலாம், தொழில்நுட்பத்தில் தடையில்லை. தடை வேறு இடத்தில் இருக்கிறது. ஐ.சி.டி.யில் ஈ11 என்பது இரண்டாம் வகை நீரிழிவு. நம் விவசாயிக்கு ‘நீரிழிவு’ என்பது அரச அறிவித்தலில் வரும் சொல். அவர் சொல்வது சலரோகம், பேரப்பிள்ளை சொல்வது சீனி வருத்தம், இரண்டுமே முதலாம் வகையா இரண்டாம் வகையா என்று பிரிப்பதில்லை. அவர் கையில் கிடைக்கும் தாளில் எந்தச் சொல்லை அச்சிடுவது என்று எந்த வெளிநாட்டு நியமக் குழுவும் தீர்மானித்துத் தராது. முல்லைத்தீவிலும் கிளிநொச்சியிலும் கிளினிக்கில் உட்கார்ந்திருக்கும் மருத்துவர்களும் தாதியரும் குடும்பநல உத்தியோகத்தர்களும் சேர்ந்து அந்தச் சொற்பட்டியலை எழுத வேண்டும். முதல் ஐம்பது பரிசோதனைகள், முதல் நூறு நோய்கள். அதை எழுத ஒரு கணினிகூடத் தேவையில்லை.